தீ சுற்றிப் போன இடம்

கம்ப்யூட்டர் கணக்கின் நாற்பத்தேழாவது ரன்னில் தீ ஓர் இடத்தைத் தொடாமல் சுற்றிப் போயிருந்தது.

பிரிஜா அதைத் திரையில் ஒட்டிய அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. அறையைக் காட்டும் பெட்டி முழுக்கச் சிவப்பு பரவி, சுவரோரங்களில் மஞ்சளாகச் சுருண்டு அடங்கிய பிறகும், ஓரிடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு நீல வட்டம் அப்படியே நின்றது. சிவப்பு என்றால் எரிந்து முடிந்த இடம். நீலம் என்றால் தீ இன்னும் வராத இடம். நான்கு பக்கமும் எரிந்த பிறகு நடுவில் மட்டும் தீ வராமல் ஓர் இடம் மிஞ்ச முடியாது. அங்கே தூண் கிடையாது, மேசை கிடையாது, அவள் எதையுமே வைக்கவில்லை.

கருங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பிரிஜா மெக்கானிக்கல் துறை விரிவுரையாளர். மாடியில் இருந்த லேபில் எட்டு கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோர்த்து, தீ எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டு, முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். விளக்குத் தீ அல்ல அவள் எடுத்துக்கொண்டது. விளக்கில் எண்ணெய் வேறு, காற்று வேறு. இரண்டும் சந்திக்கிற நுனியில்தான் தீ நிற்கும். இது எரிவாயுவும் காற்றும் முன்பே ஒன்றாகக் கலந்து அறை முழுக்க நிறைந்திருக்கும்போது பிடிக்கிற தீ. இதற்கு எதையும் தேடிப் போகிற வேலை இல்லை. வேண்டியதெல்லாம் அறைக்குள்ளேயே தயாராக இருக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும். காற்றின் ஒவ்வொரு சுழலும் தீயின் முகத்தை மடித்துச் சுருட்டி, மடிப்புக் கூடக் கூட வேகம் கூடி, அரை நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த அரை நொடியைக் கணக்கிட எட்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது.

பட்டத்துக்கான கணக்குகள் ஒரு ஃபோல்டரில் இருந்தன. இது வேறொரு ஃபோல்டர். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'அடுக்களை'. அப்படி ஒன்று இருப்பது அவள் வழிகாட்டி சத்தியராஜ் சாருக்குத் தெரியாது. கத்தாரில் வேலை பார்க்கும் கணவன் அபினுக்கும் தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 2004 அக்டோபரில், அவள் பிறந்த ஊரான இனயத்தில் ஒரு மழை மாலை. அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா தேவகனி கோயிலில் ஜெபமாலைக்குப் போயிருந்தாள். கரண்ட் இல்லை. பிரிஜா முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல தடுமம். மூக்கு இரண்டும் அடைத்து, வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு டியூஷன் முடிந்து வந்த தங்கச்சி ஜின்சி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அக்கா, என்னமோ நாறுது."

"மழைக்கு ஓடை நாறும்ட்டி. நீ போய் அடுக்களை ஸ்விட்சப் போட்டு வை. கரண்ட் வந்தா தெரியட்டும்."

எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான். கரண்ட் போனால் ஏதாவது ஒரு ஸ்விட்சைப் போட்டே வைத்திருப்பார்கள். வந்ததும் தெரிய வேண்டுமே. ஜின்சி உள்ளே போனாள். 'டக்' என்று ஸ்விட்ச் சத்தம் கேட்டது. பிறகு பிஸ்கட் டப்பாவின் மூடியை அவள் நகத்தால் நெம்புகிற சத்தம் கேட்டது. பிறகு கரண்ட் வந்தது.

முன்னறையில் இருந்ததால் பிரிஜா பிழைத்தாள். கையில் இரண்டு தழும்பு, அவ்வளவுதான். கேஸ் கசிந்திருக்கிறது, கரண்ட் வந்ததும் பற்றிக்கொண்டது, யார் என்ன செய்ய முடியும் என்று ஊர் சொன்னது. ஸ்விட்சைப் போடச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதுவரை சொன்னதில்லை.

அதற்காகத்தான் அந்த ஃபோல்டர். இனயத்து வீட்டை விற்று, வாங்கியவர்கள் இடித்தும்விட்டார்கள். ஆனால் அதைக் கட்டிய ஞானையன் கொத்தனார்தான் கருங்கல்லில் பிரிஜாவின் புது வீட்டையும் கட்டினார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு அடுக்களை என்று ஊரில் கேலி செய்வார்கள். பதினோரடி நீளம், எட்டடி அகலம், ஒன்பதடி உயரம், கோடியில் பின்வாசல், பின்வாசலை ஒட்டி ஸ்விட்ச் போர்டு, அதற்கு மேலே டியூப் லைட். அதனால் பிரிஜா தன் வீட்டு அடுக்களையையே டேப் பிடித்து அளந்து, அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று கம்ப்யூட்டருக்குள் கட்டி, உள்ளே வாயுவை நிறைத்து, டியூப் லைட் இருக்கும் இடத்தில் பொறி வைத்தாள்.

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. காற்று கொஞ்சம் வேறு மாதிரி சுழன்றிருந்தால் ஜின்சி பிழைத்திருப்பாளா? ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் காற்றின் சுழல்களைக் குலுக்கிப் போடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்தாறு எண்கள் கொடுத்தாள். நாற்பத்தாறிலும் தீ பின்வாசல் வரை போய்த்தான் நின்றது. நாற்பத்தேழாவதுக்கு, என்ன தோன்றியதோ, ஜின்சியின் கல்லறையில் வெட்டியிருந்த தேதியைத் தட்டினாள். 14102004.

அப்போதுதான் அந்த நீல வட்டம் வந்தது.

படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், பட்டத்துக் கணக்கில் வந்தது என்று பொய் சொல்லி, சத்தியராஜ் சாரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கட்டம் சரியில்லம்மா. தொடக்க எண்ண மாத்திப் போடுங்க, போயிரும்."

மாற்றிப் போட்டாள். போகவில்லை. பின்வாசல் பக்கமாக ஓரடி நகர்ந்திருந்தது.

அன்று அவள் அந்த வட்டத்துக்குள் வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். பூஜ்யம். காற்றும் பூஜ்யம். கணக்குப்படி அங்கே எதுவுமே இல்லை. அல்லது வேறு ஏதோ ஒன்று அந்த இடத்தை எடுத்துக்கொண்டு நின்றது. பயமா சந்தோஷமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தீ ஜின்சியைத் தொடவில்லை, தொடவில்லை என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு பட்டத்து வேலையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று. ஒவ்வொரு ரன்னிலும் அந்த வட்டம் ஓரடி, அரை அடி என்று உள்வாசலிலிருந்து பின்வாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. ஜின்சி வெளியே போகிறாள் என்று பிரிஜா முடிவு கட்டிவிட்டாள். ஏதோ ஒரு ரன்னில் பின்வாசலைத் தாண்டிவிடுவாள். அதைப் பார்த்துவிட்டால் போதும். பட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பஸ்ஸில் வரும்போதும், மகள் ஜெர்லினுக்குத் தலை பின்னிவிடும்போதும், இன்னும் எத்தனை அடி என்றுதான் மனம் கணக்குப் போட்டது. வகுப்பில் பாதிப் பாடத்தில் நின்றுவிடுவாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அறுபதாவது ரன்னில் பின்வாசலுக்கு ஒன்றரை அடி பாக்கி இருந்தது.

அறுபத்தொன்றாவது ரன் ஓடிய நாளில், காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்குத் தடுமம். தலை கனத்தது, காது அடைத்தது, காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. தோசை வேகும்போது சிலிண்டர் தீர்ந்துபோனது. அபின் ஊரில் இருந்தால் அவன் மாற்றுவான். அவளே புதுசை உருட்டி வந்து, ரெகுலேட்டரைத் திருகி, அடுப்பைப் பற்றவைத்து மீதித் தோசையைச் சுட்டாள். வெளியே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். எரியவில்லை, சரி. மழை வரும் என்று ஜன்னல்களை எல்லாம் சாத்திப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் வேனிலிருந்து ஜெர்லினை இறக்கி, பக்கத்து வீட்டு ரீத்தா ஆறு மணி வரை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. சாவி ஒன்று அவளிடம் இருந்தது. வழக்கமான நாலே முக்கால் பஸ்ஸை பிரிஜா விட்டுவிட்டாள். ரன் ஐந்தரைக்கு முடியும்.

தினமும் மூன்றிலிருந்து ஆறு வரை அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் கிடையாது. ஜெனரேட்டர் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் ஓடும்; லைட்டுக்கும் ஃபேனுக்கும் இல்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் மரங்களுக்கு மேலே இடி உருண்டு, உருண்டு, விழாமலே போனது. லேபில் திரை வெளிச்சம் மட்டும். எட்டுப் பெட்டிகளின் விசிறிகளும் எப்போதும் ஆளுக்கொரு சுருதியில் இரையும். அன்று என்னவோ எட்டும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. ஏறின. இறங்கின. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தன் மூச்சும் அதோடு சேர்ந்து போவதை அவள் கவனித்தாள். நிறுத்திப் பார்த்தாள். விசிறிகளும் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. காது அடைத்திருக்கிறது, அதுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

"மேடம், இன்னும் போவலியளா? பஸ் எல்லாம் போயாச்சு."

லேப் அட்டெண்டர் ரசலையன் கதவருகே சாவிக்கொத்தோடு நின்றார். பென்ஷனுக்கு மூன்று வருஷம் இருக்கும் ஆள்.

"இந்தா முடிஞ்சிரும், அண்ணே."

அவர் உள்ளே இரண்டடி வைத்தார். நின்றார். மூக்கைத் தூக்கினார்.

"இங்க கேஸ் நாறுத மாதிரி இல்லியா?"

"எனக்குத் தடுமம். ஒண்ணும் தெரியல்ல."

"நல்லா நாறுது, கேட்டியளா. ஹாஸ்டல் மெஸ்ல இருந்து வருதோ என்னமோ. பாத்துட்டு வாறேன்."

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது. ரன் முடிந்துவிட்டது. பிரிஜா வழக்கம்போல மூன்றடி உயரத்தில் குறுக்கே வெட்டிய படத்தைத் திறந்தாள். இத்தனை நாளும் அப்படி மேலேயிருந்துதான் பார்த்தாள். அதனால்தான் அது வட்டமாகவே தெரிந்தது. முழு உருவமாக அதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு வந்ததில்லை. வட்டம் பின்வாசலை ஒட்டி நின்றது. இனி ஓரடிகூட இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றைக்காவது பார்க்கலாம் என்று நினைத்தாள். பொறி விழுவதற்கு முந்திய முதல் படத்தை எடுத்து, எங்கெல்லாம் வாயு இல்லையோ அதை மட்டும் காட்டு என்று கட்டளை கொடுத்தாள். சாம்பல் நிறத்தில் அது மெல்ல வரைந்துகொண்டு வந்தது.

தலை. தோள். ஒரு பக்கமாகத் தொங்கும் சடை.

முகம் வெறும் வழுவழுப்பு. கதவைப் பார்த்து நிற்கவில்லை அது. கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றது. வலது கை மேலே நீண்டிருந்தது. கால் தரையில் படவில்லை. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி, அந்த இடைவெளியில் வாயு நிறைந்திருந்தது.

கால் படாமல் நிற்பது எது என்று பிரிஜா சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். பழைய ரன்களை எடுத்தாள். நாற்பத்தேழிலிருந்து அறுபது வரை, பதினான்கு முதல் படங்களையும் வரிசையாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாள். உள்வாசலில் நிற்கிறது. இடது கால். வலது கால். கால்கள் தரையில் நன்றாகவே பட்டிருந்தன. நடுவில் ஓரிடத்தில் திரும்பி, வந்த வழியைப் பார்க்கிறது. மறுபடி நடக்கிறது. பின்வாசலில் குனிகிறது, எதையோ இழுக்கிறது. பிறகு அறுபத்தொன்று. உயரே நிற்கிறது. கை தூக்கியிருக்கிறது.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடை அவளுக்குத் தெரிந்த நடை. ஆனால் ஜின்சியின் நடை இல்லை. ஜின்சி கூடைப்பந்து விளையாடியவள், ஐந்தடி இரண்டு அங்குலம், சுவரிடிக்கிற மாதிரி நடப்பாள். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை கட்டங்களை எண்ணினாள். நாற்பத்தாறு. மறுபடி எண்ணினாள். நாற்பத்தாறு அங்குலம். நூற்றுப் பதினேழு சென்டிமீட்டர்.

எங்கோ பார்த்த எண். எங்கே என்றுதான் தெரியவில்லை.

"மெஸ்ல ஒண்ணும் இல்ல, மேடம்." ரசலையன் திரும்பி வந்திருந்தார். கர்சீப்பை மூக்கில் வைத்திருந்தார். "அடுப்பே இன்னும் பத்தவைக்கல்ல. இங்கதான் நாறுது." மேசை மேசையாகக் குனிந்து மோந்துகொண்டு வந்தவர், அவள் திரைக்கு முன்னால் நின்றார். "இந்தா, இதுக்குள்ள இருந்துதான்."

ஃபோன் அடித்தது. வீட்டு லேண்ட்லைன் எண்.

"அம்மா."

"மக்களே? ரீத்தா ஆன்டி வீட்ல இல்லியா நீ?"

"நம்ம வீட்ல. ஆன்டிக்க மாமா செத்துப்போச்சுன்னு ஃபோன் வந்துது. என்னைய உள்ள விட்டு வெளிய தாப்பா போட்டுட்டு ஓடிச்சு. நீ இப்ப வந்துருவன்னு சொல்லிச்சு."

"தனியாவா இருக்க?"

"ம். அம்மா, என்னமோ நாறுது."

காலையில் திருகிய ரெகுலேட்டர். அடைத்த மூக்கு. சாத்திய ஜன்னல்கள். காலை எட்டரையிலிருந்து இப்போது வரை, சொட்டுச் சொட்டாக இல்லை, ஒரே சீராக, ஒன்பது மணி நேரம்.

"மக்களே, எங்க நிக்க?"

"முன்னறையில. ஃபோனுக்கிட்ட."

"லைட்டு எதாவது போட்டியா?"

"எல்லா ஸ்விட்சும் போட்டு வச்சிருக்கேன். கரண்ட் வந்தா தெரியும்லா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்தெட்டு. ஆறு மணிக்கு முன்னால் ஒரு நாளும் கரண்ட் வந்ததில்லை. பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது ஸ்விட்சைத் தட்டினால் பொறி வராது. இது அவள் பாடம், இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. கரண்ட் வருவதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ரீத்தாவைக் கூப்பிட வேண்டும், யாரையாவது ஓடச் சொல்ல வேண்டும். முதலில் ஸ்விட்ச்.

"நல்லாக் கேளு. ஓடிப்போய் ஸ்விட்செல்லாம் மேல தட்டி அணைச்சு வை. மொதல்ல அடுக்களை. அங்கதான் மொதல்ல. ஓடு."

"சரி."

ஃபோனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம். பிறகு தூரம்.

அப்புறம் ஸ்டூல் இழுபடுகிற சத்தம்.

ஸ்டூல்.

எட்டாதே அவளுக்கு. ஏறித்தான் நிற்க வேண்டும். பிரிஜா திரையைப் பார்த்தாள். தரைக்கு ஒரு முழம் மேலே நிற்கிற பாதங்கள். தூக்கிய கை. ஒரு பக்கச் சடை. காலையில் அவசரத்தில் கோணலாகப் பின்னிவிட்டது. நூற்றுப் பதினேழு. போன மாதம் ஸ்கூலில் கொடுத்த அடையாள அட்டை. பெயர்: ஜெர்லின் அபின். உயரம்.

முன்னறையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். முன்னறையில்தான் நின்றிருந்தாள்.

"ஜெர்லின்! வேண்டாம்! எறங்கு! வெளிய வா, மக்களே, முன்ன வா!"

மேசையில் கிடக்கிற ஃபோனுக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும். கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். நாற்பத்தேழாவது ரன்னிலிருந்து அவள் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான். அடி அடியாக எண்ணியது இதைத்தான். போ, போ என்று வேண்டிக்கொண்டது இதற்குத்தான்.

ஃபோனில் மெல்லிசாக, தூரத்தில், பிள்ளை யாரிடமோ பேசுவது கேட்டது. பயந்த குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்.

"அம்மாதான் சொன்னா."

அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

லேபின் டியூப் லைட் ஒரு தடவை சிமிட்டியது. இன்னொரு தடவை. எரிந்தது. மேலே ஃபேன் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

"ஆங், கரண்ட் வந்தாச்சு," என்றார் ரசலையன். "இன்னைக்கு ஆறுக்கு முந்தியே விட்டுட்டான். நல்ல காலம்."

ஃபோனில் சத்தம் இல்லை. இரைச்சல்கூட இல்லை. அவள் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வெளிச்சத்தில் அறை வழக்கமான அறையாக இருந்தது. நாற்காலிகள். ஒயர்கள். சுவரில் காலண்டர். எட்டு விசிறிகளும் ஆளுக்கொரு சுருதியில் இரைந்தன. ரசலையன் மூக்கிலிருந்து கர்சீப்பை எடுத்துவிட்டு, வாசனை போய்விட்டதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் எதையும் தொடவில்லை. திரையில் படங்கள் தாமாக ஓடத் தொடங்கின.

மேலே ஒரு மஞ்சள் புள்ளி.

புள்ளி விரிந்தது. மடிந்தது. மடிப்பு மடிப்பாகக் கீழே இறங்கியது.

ஸ்டூல் உயரத்தில் நிற்கிற அந்தச் சின்ன உருவம் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தது. திரும்பியது. வழுவழுப்பான முகம் நேராகத் திரையைப் பார்த்தது. அதன் தோளுக்குப் பின்னால், பின்வாசலை மறைத்துக்கொண்டு, இன்னொன்று நின்றது. ஐந்தடி இரண்டு அங்குலம்.

தீ அதைச் சுற்றிப் போனது.

சின்னதைச் சுற்றிப் போகவில்லை.